தண்ணீர்ப் பாம்பா, விஷப் பாம்பா? விடை தேடி நம்ம கடற்கரைக்கு வந்த ஸ்காட்லாந்து டாக்டரின் கதை!

மழைக்காலம். ராத்திரி பத்து மணி. பாத்ரூம் லைட்டைப் போடுறீங்க. மூலையில, பக்கெட்டுக்குப் பின்னாடி, சுருண்டு கிடக்குது ஒண்ணு. மஞ்சளும் கறுப்புமா கட்டம் போட்ட உடம்பு. உங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கி, கழுத்தைக் கொஞ்சம் விரிக்குது. இப்போ என்ன பண்ணுவீங்க?

போன வருஷம் எனக்கு இதேதான் நடந்துச்சு. நான் பண்ணினது ஒண்ணே ஒண்ணுதான், அலறினேன். பக்கத்து வீட்டு அண்ணன் கட்டையோட வந்தார். ரெண்டே நிமிஷத்துல கதை முடிஞ்சுது. கழுத்தை விரிச்சுதே, அப்போ நல்ல பாம்புதான்னு தெருவே தீர்ப்பு சொல்லிடுச்சு. மறுநாள் காலையில போன்ல எடுத்த போட்டோவை, பாம்பு பிடிக்கிற ஒரு நண்பருக்கு அனுப்பினேன். சாதாரண தண்ணீர்ப் பாம்பு, விஷமே கிடையாதுன்னு பதில் வந்துச்சு. மனசு என்னவோ மாதிரி ஆகிடுச்சு.

ஆனா, இதே கதை தலைகீழாவும் நடக்கும். தண்ணியில கிடந்ததால தண்ணீர்ப் பாம்புதான்னு நினைச்சு ஒருத்தர் கையை விட, அது வேறயா இருந்தா? ஒரு தப்புல பாம்பு சாகுது. இன்னொரு தப்புல மனுஷன் சாகிறான்.

இந்த ரெண்டு தப்பையும் எப்படித் தவிர்க்கிறதுன்னு, 230 வருஷத்துக்கும் முன்னாடி நம்ம சோழமண்டலக் கடற்கரையில உட்கார்ந்து ஒருத்தர் மண்டையை உடைச்சுக்கிட்டார். அவர் பேர் பேட்ரிக் ரஸ்ஸல். நம்ம ஊர் கண்ணாடி விரியனுக்கு இங்கிலீஷ்ல 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்'னு பேர் இருக்குதே, அந்த ரஸ்ஸல் இவர்தான். பேரை எல்லாருக்கும் தெரியும், ஆளைத்தான் யாருக்கும் தெரியாது. வாங்க, தெரிஞ்சுக்குவோம்.

பாம்புக்கு முன்னாடி பிளேக்!

ரஸ்ஸல் பிறந்தது 1720-களில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துல. அப்பா வக்கீல். வீட்டுல நிறைய பிள்ளைங்க. இவர் மருத்துவம் படிச்சார். படிப்பு முடிஞ்ச கையோட, 1750-ல் கப்பலேறி சிரியா நாட்டின் அலெப்போ நகரத்துக்குப் போயிட்டார். அங்கே ஆங்கிலேய வியாபாரிகளோட லெவன்ட் கம்பெனிக்கு டாக்டரா இருந்தவர், இவரோட அண்ணன் அலெக்ஸாண்டர் ரஸ்ஸல். ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர்தான், அம்மா வேற. சில வருஷத்துல அண்ணன் ஊருக்குத் திரும்ப, அந்த வேலை தம்பி கைக்கு வந்துச்சு.

1760-ல் அலெப்போவில் பிளேக் பரவ ஆரம்பிச்சது. வசதியுள்ளவங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்தாங்க. பிளேக்குக்குக் காரணம் பாக்டீரியான்னு உலகத்துக்குத் தெரியாத காலம் அது. மருந்து கிடையாது. ரஸ்ஸல் ஊரை விட்டு ஓடலை. நோயாளிகளைக் கவனிச்சார், யாருக்கு எப்போ என்ன அறிகுறி வந்துச்சு, யார் பிழைச்சாங்க, யார் இறந்தாங்கன்னு எல்லாத்தையும் எழுதி வெச்சார். 1762 வரைக்கும் நீண்ட அந்தக் கொடுமையைப் பத்தி, பின்னாடி 1791-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். அந்த ஊர் பாஷா அவருக்குத் தலைப்பாகை அணியுற மரியாதையைக் கொடுத்தாராம். வெளியூர்க்காரருக்கு அது லேசுல கிடைக்காத கௌரவம்.

இதை ஏன் சொல்றேன்னா, ரஸ்ஸலோட குணம் இங்கேதான் தெரியுது. ஒரு ஆபத்து வந்தா, முதல்ல பயப்படுறதைவிட, உட்கார்ந்து கணக்கெடுக்கிற ஆள். அந்தக் குணம்தான் பின்னாடி பாம்பு விஷயத்துலயும் வேலை செஞ்சது.

ஐம்பது வயசுக்கு மேல ஒரு புது ஊர்!

இருபது வருஷம் அலெப்போ வாசம் முடிஞ்சு, 1770-களின் தொடக்கத்துல ஊருக்குத் திரும்பினார். 1777-ல் லண்டன் ராயல் சொசைட்டியில உறுப்பினர் ஆனார். ஐம்பது வயசு ஆச்சு, கல்யாணம் பண்ணிக்கலை, பேரும் புகழும் இருக்குது. சாதாரணமா இந்த இடத்துல கதை முடிஞ்சிருக்கணும். நம்ம வீட்டுப் பெரியவங்களா இருந்தா, இனிமே எதுக்குப்பா அலைச்சல்னு சொல்லியிருப்பாங்க.

ஆனா, இன்னொரு சகோதரர் கிளாட் ரஸ்ஸலுக்கு விசாகப்பட்டினத்துல கிழக்கிந்திய கம்பெனியின் நிர்வாகப் பொறுப்பு கிடைச்சது. குடும்பத்துக்குத் துணையா பேட்ரிக்கும் 1780-களின் தொடக்கத்துல கூடவே கிளம்பிட்டார். வந்த இடத்துல சும்மா இருக்க முடியலை. செடி, மீன், பூச்சின்னு சேகரிக்க ஆரம்பிச்சார்.

அப்போ மெட்ராஸ் மாகாணத்துல கம்பெனியின் இயற்கை ஆய்வாளரா இருந்தவர் யோஹான் ஜெரார்டு கோனிக். தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு டாக்டரா வந்து, தாவரங்கள் மேல ஆசை வந்து, பல வருஷம் இந்தக் கடற்கரையைச் சுத்தினவர். 1785-ல் கோனிக் இறந்துபோக, அந்தப் பதவி ரஸ்ஸலுக்கு வந்துச்சு. கம்பெனிக்கு இதுல வியாபாரக் கணக்கும் இருந்துச்சுங்க. எந்தச் செடியில சாயம் கிடைக்கும், எந்த மரம் விலை போகும்னு தெரியணும். அதுக்குத்தான் சம்பளம். ஆனா ரஸ்ஸலுக்கு டாக்டர் மூளை. அவரை உறுத்தினது வேற விஷயம், பாம்புக்கடி.

ஒரு லிஸ்ட் கூட இல்லாத காலம்!

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. போன் கிடையாது. போட்டோ கிடையாது. பாம்புகளின் படம் போட்ட ஒரு சின்ன புத்தகம்கூட இந்தப் பகுதிக்குக் கிடையாது. ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் 1758-ல் நல்ல பாம்புக்கு அறிவியல் பேர் வெச்சிருந்தார். ஆனா விசாகப்பட்டினத்துல வயல்ல வேலை பார்க்கிறவருக்கோ, அவருக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய டாக்டருக்கோ அதனால என்ன பிரயோஜனம்?

கடிச்சது விஷப் பாம்பா இல்லையான்னு தெரியாததால ஒரு பெரிய குழப்பம் இருந்துச்சு. அதை ரஸ்ஸல் சரியாப் பிடிச்சார். விஷமில்லாத பாம்பு கடிச்சவருக்கு வேரை அரைச்சுக் கொடுத்தாலும் பிழைப்பார், மந்திரம் போட்டாலும் பிழைப்பார், ஒண்ணுமே பண்ணாட்டியும் பிழைப்பார். ஆனா பேர் மட்டும் வேருக்கும் மந்திரத்துக்கும் போயிடும். அடுத்த தடவை நிஜமாவே விஷப் பாம்பு கடிச்சவர் அதே வேரை நம்பி உட்கார்ந்திருப்பார். இதுதான் உண்மையான ஆபத்து. எந்த மருந்து வேலை செய்யுதுன்னு பார்க்கணும்னா, எந்தப் பாம்பு கடிச்சதுன்னு முதல்ல தெரிஞ்சே ஆகணும்.

அதனால, மாகாணத்துல இருக்கிற மருத்துவ அதிகாரிகள் எல்லாரும் அவங்கவங்க ஊர்ப் பாம்புகளைச் சேகரிச்சு அனுப்பணும்னு கேட்டுக்கொள்ளும்படி மெட்ராஸ் கவர்னருக்கு யோசனை சொன்னார். படிக்காதவங்களும் விஷப் பாம்பையும் சாதுப் பாம்பையும் பிரிச்சுப் பார்க்க ஒரு வழி கண்டுபிடிக்கணும், அதுதான் அவர் ஆசை.

கோழி, நாய், பல்!

பாம்புகள் வர ஆரம்பிச்சது. கூடையில, பானையில, சாராயத்துல ஊறப்போட்ட ஜாடியில. ரஸ்ஸல் ஒவ்வொண்ணையும் எடுத்து நீளத்தை அளந்தார். வயித்துப் பக்கம் இருக்கிற பட்டைச் செதில்களையும், வாலுக்கு அடியில இருக்கிற செதில்களையும் ஒண்ணொண்ணா எண்ணினார். நிறத்தை எழுதினார், படம் வரைய வெச்சார்.

இன்னொரு நல்ல காரியமும் பண்ணினார். தானா ஒரு லத்தீன் பேரை வெச்சுட்டுப் போகாம, பாம்பைக் கொண்டுவந்தவங்க அதை என்னன்னு கூப்பிடுறாங்கன்னு கேட்டு, அந்தப் பேரையே எழுதினார். விசாகப்பட்டினம் ஆச்சே, பெரும்பாலும் தெலுங்குப் பேர்கள். கண்ணாடி விரியன் அவர் புத்தகத்துல 'காட்டுக ரேக்குல பொட'. காட்டுகன்னா தெலுங்குல கண்மை. உடம்புல மை வெச்ச மாதிரி புள்ளிகளை நினைச்சுப் பாருங்க, பேர் சும்மா வரலை. நல்ல பாம்புக்கு அடுத்தபடியா பயப்பட வேண்டியது இதுதான்னு அவர் பதிவு பண்ணினார்.

கேட்கச் சங்கடமான பகுதி ஒண்ணு இருக்குது. எந்தப் பாம்புக்கு விஷம் இருக்குதுன்னு சோதிக்க, கோழிகளையும் நாய்களையும் கடிக்க விட்டார். எத்தனை நிமிஷத்துல மயங்குது, எத்தனை மணி நேரத்துல சாகுதுன்னு குறிச்சார். இன்னிக்கு யாராவது இப்படிச் செஞ்சா நமக்குக் கோபம் வரும், வரணும். அந்தக் காலத்துல அது மட்டும்தான் வழியா தெரிஞ்சது.

அடுத்து பாம்பின் வாயைத் திறந்தார். விஷப்பல், அதுக்குப் பின்னாடி இருக்கிற விஷப்பை, மேல்தாடையில பற்கள் எத்தனை வரிசை, எல்லாத்தையும் பார்த்தார். சாதுப் பாம்புக்கு மேல்தாடை ஓரத்துல சின்னச் சின்னப் பற்கள் வரிசையா இருக்கும். நல்ல பாம்பு, விரியன் வகைகளுக்கு அந்த ஓர வரிசை இருக்காது, முன்பக்கம் விஷப்பல் இருக்கும். கிட்டத்தட்ட அதே சமயத்துல லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த எட்வர்டு விட்டேக்கர் கிரேயும், விஷப் பாம்பைப் பிரிச்சுப் பார்க்கிறது எப்படின்னு 1789-ல் ஒரு கட்டுரை எழுதினார். உலகத்தோட ரெண்டு மூலையில ஒரே கேள்வி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

தஞ்சாவூர் மாத்திரை!

அப்போ மாகாணம் முழுக்க ஒரு மருந்து ரொம்ப பிரபலம். பேரே தஞ்சாவூர் மாத்திரை. பாம்புக்கடிக்கு இதைப்போல இல்லைன்னு வெள்ளைக்காரங்களும் நம்பினாங்க. ரஸ்ஸல் அதையும் சோதனைக்கு எடுத்தார். அதுல சேர்ந்திருந்த முக்கியப் பொருள்களில் ஒண்ணு பாஷாணம், அதாவது ஆர்சனிக். சொல்லப்படுற அளவுக்கு அது பலன் தரலைன்னுதான் அவர் சோதனைகள் காட்டிச்சு.

எல்லாரும் நம்புற ஒண்ணை, நம்புறதுனாலயே உண்மைன்னு எடுத்துக்காம, கடிச்சது எது, கொடுத்தது என்ன, நடந்தது என்னன்னு வரிசையா பார்த்தார் பாருங்க, அது இன்னிக்கு வாட்ஸ்அப் பார்வர்டு படிக்கிற நமக்கும் ரொம்ப தேவையான பழக்கம்.

நாலுல மூணு!

1789-ன் தொடக்கத்துல ரஸ்ஸல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். அவர் இடத்துக்குப் பின்னாடி வந்தவர், தாவரவியல்ல பெரிய பேர் வாங்கின வில்லியம் ராக்ஸ்பர்க். லண்டன் போன ரஸ்ஸல், அண்ணன் எழுதின அலெப்போ புத்தகத்தைப் பெரிசாக்கி 1794-ல் வெளியிட்டார். 1796-ல் கம்பெனியின் செலவுல, சோழமண்டலக் கடற்கரையில சேகரிச்ச பாம்புகளைப் பத்தின அவரோட பெரிய புத்தகம் வந்துச்சு. பக்கம் பக்கமா கலர் படங்கள். கையால வண்ணம் பூசினது.

இதுல ஒரு சுவாரஸ்யம் இருக்குது. இந்தியாவுல அதிகமான உயிர்களை எடுக்கிற பாம்புகள்னு நாலைச் சொல்வாங்க: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதுல நல்ல பாம்புக்கு மட்டும்தான் லின்னேயஸ் முன்னாடியே பேர் வெச்சிருந்தார். மத்த மூணுக்கும் அறிவியல் பேர் கிடைச்சது ரஸ்ஸலோட வேலையை ஆதாரமா வெச்சுத்தான். 1797-ல் கண்ணாடி விரியனுக்கு ஜார்ஜ் ஷா, ரஸ்ஸலோட பேரையே வெச்சுட்டார். கட்டு விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் 1801-ல் பேர் வெச்சவர் யோஹான் ஷ்னைடர்னு ஒரு ஜெர்மன் அறிஞர். கட்டு விரியனோட மூல ஊர் விசாகப்பட்டினம். சுருட்டை விரியனோட மூல ஊர் எது தெரியுமா? நம்ம ஆரணி! பட்டுச்சேலைக்குப் பேர்போன அதே ஆரணிதான்.

அதோட முடியலை. நம்ம பாத்ரூம் ஹீரோ, கட்டம் போட்ட தண்ணீர்ப் பாம்பு இருக்குதே, அதுக்கும் 1799-ல் இதே ஷ்னைடர் பேர் வெச்சார். ஆதாரம், ரஸ்ஸல் புத்தகத்துல இருந்த படம். பேர் 'பிஸ்கேட்டர்'. லத்தீன்ல மீன் பிடிக்கிறவன்னு அர்த்தம். குளத்துலயும் வயல் வாய்க்கால்லயும் மீனும் தவளையும் பிடிச்சுத் தின்னுட்டு நிம்மதியா இருக்கிற பிராணிக்கு, இதைவிடப் பொருத்தமா பேர் வைக்க முடியுமா?

ஆக, ஆளைக் கொல்ற பாம்பும், ஒண்ணுமே பண்ணாத பாம்பும் ஒரே புத்தகத்துல, ஒரே அக்கறையோட பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தானே வித்தியாசம் தெரியும்!

எந்த ஒரு ரூலும் செல்லாது!

இப்போ முக்கியமான கட்டத்துக்கு வர்றோம். ரஸ்ஸல் தேடினது எல்லாருக்கும் புரியுற ஒரே ஒரு அடையாளம். இதைப் பார்த்தா விஷம், இல்லாட்டி சாதுன்னு சொல்ற மாதிரி. அது கிடைச்சுதா?

கிடைக்கலைங்க. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தா தெரியும்கிறது உண்மை. ஆனா வயல்ல கடிபட்டு நிக்கிறவர் பாம்போட வாயைத் திறந்தா பார்க்க முடியும்? வெளி அடையாளங்களை வெச்சு நாம இன்னிக்கும் சொல்லிக்கிட்டு இருக்கிற ரூல்கள் எல்லாமே எங்கேயாவது ஒரு இடத்துல காலை வாரும். பாருங்க.

கழுத்தை விரிச்சா நல்ல பாம்பு? தண்ணீர்ப் பாம்பும் பயந்தா கழுத்தைத் தட்டையாக்கும். எங்க தெருவே ஏமாந்தது இதுலதான். நல்ல பாம்பு, கழுத்துப் பக்க விலா எலும்புகளை விரிச்சுத்தான் படம் எடுக்குது. இதைப் பத்தி ரஸ்ஸல் தன் கடைசிக் காலத்துல, 1804-ல் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரையே எழுதினார். அகலமா, நல்லா எழும்பி நிக்கிற படத்துக்கும், தண்ணீர்ப் பாம்பின் லேசான விரிப்புக்கும் வித்தியாசம் உண்டு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு, பயத்துல அது தெரியாது.

தலை முக்கோணமா இருந்தா விஷம்? விரியன்களுக்கு ஓரளவு சரி. ஆனா நல்ல பாம்புக்கும் கட்டு விரியனுக்கும் தலை முக்கோணம் கிடையாது. சாதுப் பாம்புகள் சிலது பயத்துல தாடையை விரிச்சுத் தலையை முக்கோணமாக்கிக் காட்டும்.

தண்ணியில இருந்தா தண்ணீர்ப் பாம்பு? எல்லாப் பாம்புக்கும் நீந்தத் தெரியும். வெள்ளத்துல நல்ல பாம்பும் மிதந்து வரும், கண்ணாடி விரியனும் வரும். கடல்ல இன்னும் மோசம். துடுப்பு மாதிரி தட்டையான வால் இருக்கிற கடல் பாம்புகளுக்குக் கடுமையான விஷம் உண்டு. ரஸ்ஸல் அதுங்களையும் விடலை. அவர் பதிவு பண்ணின ஒரு கடல் பாம்போட பேர் 'வலகடியன்'. ஆமாங்க, நம்ம கடற்கரைப் பேரேதான்.

கலர்? அதை நம்பவே கூடாது. ஒரே இனத்துல குட்டி ஒரு நிறம், பெரிசு ஒரு நிறம். தோல் உரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி, உரிச்ச பிறகு இன்னொரு மாதிரி.

பாட்டி சொன்ன கதைகள்? கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டு, சுடுகாட்டுல புகை வருதான்னு மரத்துல ஏறிப் பார்க்கும்பாங்க. பாவம், அது ஆளைக் கொல்ற அளவுக்கு விஷம் இல்லாத ஒரு மரப்பாம்பு. மண்ணுளிப் பாம்பு நக்கினா குஷ்டம் வரும்பாங்க. அதுக்கு விஷமே கிடையாது.

அப்போ எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?

ரஸ்ஸல் போன வழியிலதான். ஒரு ரூலைத் தேடாதீங்க, ஒவ்வொரு பாம்பா பழகிக்கோங்க. இந்தியாவுல 300-க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்குது. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். அந்த நாலையும், அதுங்களைப் போலவே தெரியுற சாதுப் பாம்புகளையும் ஜோடி ஜோடியா தெரிஞ்சுக்கிட்டாலே பெரிய விஷயம்.

தண்ணீர்ப் பாம்பும் நல்ல பாம்பும்: தண்ணீர்ப் பாம்புக்குக் கண்ணுல இருந்து கீழேயும் பின்னாடியும் ரெண்டு கறுப்புக் கோடு சாய்வா ஓடும். உடம்புல சதுரங்கப் பலகை மாதிரி கட்டம். செதில் சொரசொரப்பா இருக்கும். நல்ல பாம்புக்குச் செதில் வழவழன்னு இருக்கும், படம் எடுத்தா முதுகுப் பக்கம் பெரும்பாலும் மூக்குக் கண்ணாடி மாதிரி ஒரு குறி தெரியும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, தண்ணீர்ப் பாம்பு சாதுன்னா கடிக்காதுன்னு அர்த்தம் இல்லை. பிடிச்சா நல்லா கடிக்கும், ரத்தமும் வரும். விஷம்தான் கிடையாது.

மண்ணுளியும் கண்ணாடி விரியனும்: திட்டுத்திட்டா புள்ளி இருக்கிற ஒரு வகை மண்ணுளிப் பாம்பு, பார்க்க கண்ணாடி விரியன் மாதிரியே இருக்கும். விரியனுக்கு உடம்பு நெடுக மூணு வரிசையில, சங்கிலி கோத்த மாதிரி ஒழுங்கான நீள்வட்டப் புள்ளிகள். குக்கர் மாதிரி பலமா சீறும். மண்ணுளியோட திட்டுகள் ஒழுங்கில்லாம ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கும், வால் குட்டையா இருக்கும். மலைப்பாம்புக் குட்டின்னு நினைச்சு விரியனைக் கையில தூக்கினவங்களும் இருக்காங்க. தயவுசெய்து அந்த லிஸ்ட்டுல சேர்ந்துடாதீங்க.

ஓநாய்ப் பாம்பும் கட்டு விரியனும்: வீட்டுச் சுவர்ல பல்லி பிடிக்க வர்ற ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் கழுத்துலயே ஆரம்பிச்சு, வால் பக்கம் போகப் போக மங்கிடும். கட்டு விரியன் பளபளன்னு கறுப்பு. வெள்ளைக் கோடுகள் தலையில இருந்து கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கும், வால் பக்கம் தெளிவா இருக்கும். இது ராத்திரியில, தரையில தூங்குறவங்களைக் கடிக்கும். பெரிசா வலிக்காது, கடிச்ச தடம்கூடச் சரியா தெரியாது. அதுதான் அதோட பயங்கரம்.

இதெல்லாம் தூரத்துல நின்னு, போன்ல ஜூம் பண்ணிப் பார்க்கிறதுக்கு மட்டும்தான். கையில எடுத்துப் பார்க்கிறதுக்கு இல்லை. வீட்டுக்குள்ள பாம்பு வந்தா அந்த ரூம் கதவைச் சாத்திட்டு, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் பண்ணுங்க.

ரஸ்ஸல் கேள்விக்குக் கடைசியா வந்த பதில்!

ரஸ்ஸல் தன் புத்தகத்தோட அடுத்த பாகத்தை 1801-ல் இருந்து பகுதி பகுதியா வெளியிட ஆரம்பிச்சார். முடிக்க முடியலை. 1805 ஜூலை 2-ம் தேதி லண்டன்ல இறந்துட்டார். மீதிப் பகுதிகள் அவர் இறந்த பிறகுதான் வந்துச்சு, 1809 வரைக்கும்.

பாம்புக்கடிக்கு நிஜமான மருந்தை அவர் பார்க்கவே இல்லை. விஷமுறிவு ஊசி வர்றதுக்கு இன்னும் 90 வருஷம், 1890-கள் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. இன்னிக்கு நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல போடுற ஊசி, அந்த நாலு பாம்பு விஷத்துக்கும் சேர்த்தே தயாராகிறது. அதுக்குத் தேவையான விஷத்துல பெரும்பகுதி எங்கே இருந்து போகுது தெரியுமா? சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில, 1978-ல் தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துல இருந்து. ரஸ்ஸல் புத்தகத்து அட்டையில ரஸ்ஸல் பேர் மட்டும்தான் இருக்குது. ஆனா உள்ளே இருக்கிற பல பாம்புகளின் பேரும், ஊர்க்காரங்க கொடுத்தது. அந்த அறிவுதான் இன்னிக்கும் உயிரைக் காப்பாத்துது.

இதுல ஒரு பெரிய நிம்மதி இருக்குது பாருங்க. ஊசி நாலுக்கும் பொது. அதனால, கடிச்சது எதுன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. டாக்டர் உங்க உடம்பைப் பார்த்து முடிவெடுப்பார். கொஞ்சம் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாய்ல எடுத்து 20 நிமிஷம் அசையாம வைப்பாங்க. உறையலைன்னா, விரியன் விஷம் வேலை பார்க்குதுன்னு அர்த்தம். கண் இமை தானா தொங்குதா, பேச்சு குழறுதான்னு பார்ப்பாங்க. அது நல்ல பாம்பு, கட்டு விரியனோட அடையாளம். ரஸ்ஸல் பாம்பின் வாயில தேடின பதில், கடைசியில நோயாளியோட உடம்புலதான் இருந்துச்சு.

அதனால பாம்பு கடிச்சா, தண்ணீர்ப் பாம்புதான்னு நூறு சதவிகிதம் தோணினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. கடிச்ச கை காலை அசைக்காம வைங்க. மோதிரம், வளையல், கொலுசு இருந்தா கழட்டிடுங்க. கயித்தால இறுக்கிக் கட்டாதீங்க, பிளேடால கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க. பாம்பைத் தேடிப் பிடிக்கிறேன்னு நேரத்தைக் கடத்தாதீங்க. 108-க்கு அடிங்க. சாதுப் பாம்பா இருந்தா, ஒரு நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வீட்டுக்கு வந்துடலாம். இல்லைன்னா, அந்த ஒரு மணி நேரம்தான் உங்க உயிர்.

இது ஏதோ பழைய காலத்துப் பிரச்னை இல்லைங்க. 2000-ல் இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம்னு 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஏழை ஜனங்க. தமிழ்நாடு அரசு 2024-ல், பாம்புக்கடியைக் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியல்ல சேர்த்தது. எங்கே, எத்தனை பேருக்கு, என்ன ஆச்சுன்னு இனி கணக்கு இருக்கும். ரஸ்ஸல் மெட்ராஸ் கவர்னர்கிட்ட கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தானே?

அவர் பேர் இன்னொரு இடத்துலயும் இருக்குது. ரத்தம் உறையுறதுல சிக்கல் இருக்கான்னு பார்க்க, இன்னிக்கும் லேப்ல கண்ணாடி விரியன் விஷத்தை நீர்க்க வெச்சு ஒரு டெஸ்ட் பண்றாங்க. அடிக்கடி கரு கலையுற பெண்களுக்குக்கூட டாக்டர்கள் இதை எழுதிக் கொடுக்கிறதுண்டு. அந்த டெஸ்ட் பேர்லயும் ரஸ்ஸல் இருக்கார். கொல்ற விஷமே, காரணம் கண்டுபிடிக்க உதவுது.

இந்த மழைக்காலத்துல எங்க பாத்ரூம் ஜன்னல்ல வலை அடிச்சாச்சு. தண்ணி போற குழாய்க்கு ஜாலி போட்டாச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் போன்ல அந்த நாலு பாம்பு போட்டோவும், கட்டம் போட்ட மீன்காரன் போட்டோவும் சேவ் ஆகியிருக்குது. போன வாரம் வாசல்ல ஒண்ணு போச்சு. அண்ணன் கட்டையை எடுக்கலை, டார்ச்சை எடுத்தார். கண்ணுக்குக் கீழே ரெண்டு கோடு தெரிஞ்சுது. வழி விட்டோம். அது பாட்டுக்கு வாய்க்காலைப் பார்த்துப் போயிடுச்சு.